மெர்சி ஏறாத வண்டிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தேன். அப்படி வருவதற்கென்றே என்னைப் போட்டிருந்தார்கள்!

கோமுகி அணையில் தொடங்கி, கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலையில் முடிகிற நெடுந்தூர ஓட்டம். இதில் 'ஸ்வீப்பர்' என்று ஒருவர் உண்டு. ஓடுகிறவர்களில் ஆகக் கடைசி ஆளுக்குப் பின்னாலேயே போக வேண்டும். அவர் நடந்தால் நடக்கணும், உட்கார்ந்தால் உட்காரணும். முந்தவே கூடாது. என் முழங்கால் வலியைப் பற்றி இந்தப் பத்தியில் அடிக்கடி புலம்பியிருக்கிறேன். பிறகு ஏன் ஒப்புக்கொண்டேன்? நண்பர் கேட்டார், தலையாட்டிவிட்டேன்.

டாக்டர், பேங்க் மேனேஜர், செல்போன் கடைக்காரர், கரும்பு விவசாயி... எல்லோரும் காசு கட்டி, கால் நகம் கறுக்க மலை ஏற வந்திருந்தார்கள். முதலில் வருகிறவருக்கு என்ன பரிசு? எல்லோருக்கும் தருகிற அதே மெடல், அதே வாழைப்பழம். இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன்.

என் 'கடைசி ஆள்' மெர்சி. சின்னசேலம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வயது நாற்பத்தைந்து இருக்கும். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எங்களுக்கு முன்னால் ஒருவரும் கண்ணில் படவில்லை.

"போன வருசம் கடைசி வளைவுல முடியாம ஒரு வண்டில ஏறிட்டேன் சார்" என்றார். "ஒரு வருசமா அதான் மனசுல ஓடிக்கினே இருக்குது. இன்னிக்கு ஏற மாட்டேன்."

வண்டியில் ஏறினால் அவுட். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மெடல் கிடையாது.

ஆனால், இந்த மலையில் நடந்து போகிறவரைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற வண்டி ஏது? பைக் நின்றது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய மினி லாரி நின்றது. ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? ஏறிடும்மா தாயே! அவர் ஏறினால் நானும் ஏறலாமே...

ஒரு ஜீப்காரர் லேசில் விடவில்லை.

"இன்னாக்கா, இந்த வெயில்ல நடந்துகினு? ஏறுங்க, வெள்ளிமலைல வுட்டுடறேன்."

"வேணாங்கண்ணா."

அவர் முகம் வாடிவிட்டது. "காசெல்லாம் கேக்க மாட்டேங்க்கா."

"ஐயோ, அதுக்கில்லண்ணா. ஏறினா தோத்துடுவேன்."

"முன்னால போனவங்க எல்லாம் எப்பவோ போய்ட்டாங்க. இனிமே யாருகிட்ட தோக்கறது?"

மெர்சி சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினார். ஜீப் போய்விட்டது. நான் அதன் பின்பக்கத்தையே ஏக்கமாகப் பார்த்தேன்.

அடுத்த ஏற்றத்தில் மெர்சி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நான் பயந்து போனேன். வாயைக் கொப்பளித்தார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார், மறுபடி நடந்தார். என்ன மனுஷி இவர்! அதற்கப்புறம் நின்ற வண்டிகளை நானே கையாட்டி அனுப்பினேன்.

கடைசி வளைவில் நின்றார். "இங்கதான் சார்" என்றார். ரோட்டோரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். யாரிடம் தோற்பது என்று ஜீப்காரர் கேட்டாரே... போன வருசத்து மெர்சியிடம்தான்!

வெள்ளிமலை சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. முடிவுக்கோட்டில் கட்டியிருந்த அலங்கார வளைவை அவிழ்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். அவிழ்க்க விடாமல் அதன் கீழே ஒரு ஜீப்!

"இன்னும் ஒரு அக்கா வந்துகினு இருக்குதுங்க. அவுக்காதீங்க" என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் நம் ஜீப்காரர். எங்களைப் பார்த்ததும் வண்டியை நகர்த்தி வழிவிட்டார். எப்போதோ ஓடி முடித்தவர்கள் ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. மடக்க முடியாத காலோடு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நடத்துகிறவர் தயங்கினார். "டைம் முடிஞ்சிடுச்சும்மா... மெடல் தர ரூல் இல்ல."

மெர்சி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான பின்னாலயே வந்தீங்க? நான் எங்கியும் ஏறலல்ல?"

"எங்கேயும் ஏறலம்மா."

"அது போதும்" என்று தரையில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார்.

பிறகு எழுந்து ஜீப்காரரிடம் போனார். "அண்ணா, இப்ப ஏறலாமா?"

அவர் ஓடிப்போய் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

பின் சீட்டில் நான் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தேன்!