எதிர்வீட்டுக் கதவு

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடியில் எந்நேரமும் எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கும். கூப்பிடு தூரத்தில் கடல். ஆனாலும் ஏசிப் பெட்டிகள்தான் உறுமிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏசியே வேண்டாத கட்டடம் என்று இதை வரைந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் வேலை பார்க்கும் கோவை நிறுவனம் என்னைக் கொழும்புக்கு அனுப்பியதே இதற்காகத்தான். கடற்காற்று மேற்கு வீட்டுக்குள் நுழைந்து, நடைபாதையைக் கடந்து, எதிர்வீட்டு வழியே கிழக்கே போக வேண்டும். இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும். ஒரு கை தட்டி ஓசை வருமா? ஊரில் வாஸ்துவுக்காகச் சமையலறையை மாற்றச் சொல்லிப் பிராணனை வாங்குவார்கள். பகலில் கதவைத் திறந்து வையுங்கள் என்று யாரிடமும் கெஞ்சியதில்லை. இங்கேயும் தமிழர் வீடுகள்தானே என்று நம்பி வந்தேன்.

போன மாதம், நடைபாதையைக் கண்ணாடியால் அடைத்து அங்கேயும் ஏசி போடக் குடியிருப்போர் சங்கம் யோசிப்பதாகத் தெரிந்தது. அதோடு என் வடிவமைப்பு செத்தது. சங்கத் தலைவி திலகம் அன்ரியிடம் ஓடினேன். வங்கியில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், என் எதிர்வீடு. மின்கட்டணம், சூடு என்று பொரிந்து தள்ளினேன். திருட்டுப் பயமா என்றும் கேட்டுவைத்தேன்.

“கள்ளனுக்கு ஆர் பயந்தது? கதவைத் திறந்தால் காத்து வரும் எண்டு எங்களுக்கும் தெரியும் பிள்ளை. அந்த நாளையில காத்து மட்டுமோ வந்தது? சோதனை எண்டு ஆமியும் பொலிசும் வந்து தட்டுவாங்கள். என்ர தம்பியை வாசல்ல வச்சுத்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள்.”

தம்பி திரும்பி வந்தாரா என்று கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு யோசனையோடு போனேன். மரக்கதவுக்கு வெளியே பூட்டக்கூடிய இரும்புக் கிராதி. மரக்கதவைத் திறந்து வைக்கலாம், பூட்டும் இருக்கும். ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் கண்ணாடிதான் என்றார் அன்ரி. கிராதி மாட்டியதும் முதலில் திறந்தது அவருடைய கதவு. பிறகு மற்றவை. திரைச்சீலைகள் பறந்தன, மீன் பொரியும் வாசனை வீடுவீடாகப் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று மாலை, கொசு பெருகும் இடங்களைப் பார்க்கச் சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். கூடவே ஒரு காக்கிச்சட்டைக்காரர். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. முதலில் சாத்தியவர் அன்ரி. நான் மட்டும் நின்றேன். என் அரைகுறைச் சிங்களத்தைக் கேட்ட காக்கிச்சட்டைக்காரர், “மிஸ் இந்தியாவெந்த?” என்று சிரித்தார். இந்தியாவிலிருந்தா என்று கேட்கிறார். தலையாட்டினேன். தொட்டிகளைப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள்.

அதன் பிறகும் ஒரு கதவும் திறக்கவில்லை. அன்ரி வீட்டு ஏசி உறுமத் தொடங்கியது. இனிக் கண்ணாடிதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கோபம் வந்தது, கோபப்பட்டதற்கு வெட்கமும் வந்தது. சாத்திக்கொள்ள என்னிடம் அந்தப் பயம் இல்லை. என் கதவு அகலத் திறந்திருந்தது, பொட்டுக் காற்று வரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, வேர்த்து வழிய, வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.