சிவப்பு நூல் கட்டிய சீப்பு

புக்கிட் பாத்தோக் கிளினிக்கில் டாக்டர் செதில் படிந்த என் தலையையும் புருவத்தையும் பார்த்தார். "பொடுகு மாதிரிதான் ஆன்ட்டி, யாருக்கும் தொத்தாது லா. இந்த ஷாம்பூ போடுங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம்."

எண்ணெய் என்றதும் அக்காவின் தலையணையில் வீசிய சிக்கு வாடை நினைவுக்கு வந்தது. 1950களில், சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடியில், அவளுக்கும் இதே செதில். தலை காய்ந்துவிட்டதென்று அம்மா தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்ப்பார். செதில் இன்னும் தடிக்கும். எனக்கும் ஒட்டிவிடுமென்று பயந்து, அடையாளத்துக்கு அவள் சீப்பில் சிவப்பு நூல் கட்டினேன்.

"என் சீப்பத் தொடாதக்கா" என்றேன். அவள் சிவப்பு நூல் கட்டிய தன் சீப்பை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்ல, அவள் இப்போது உயிருடன் இல்லை. கல்யாணமாகி ஜாலான் புசாருக்குக் குடிபோன பிறகும், எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே கைப்பையைத் தட்டிக் காட்டுவாள்.

"பயப்படாதடி, என் சீப்ப நானே கொண்டாந்துட்டேன்."