சாந்தாமணி அக்கா கேட்ட பட்டியல்

சாந்தாமணி அக்கா இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படமாக வந்தது. குன்னூர் மார்க்கெட் பேக்கரியில் வர்க்கி வாங்க நின்றிருந்தேன். படத்தில் ஒரு குத்துவிளக்கு, ஒரு ரோஜா, நடுவில் அக்கா. கீழே எங்கள் தொடர்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சியின் முத்திரையோடு ஒரு வரி: 'எங்கள் மொழிமாற்றப் பிரிவின் முன்னாள் ஒருங்கிணைப்பாளர்.' துக்கம் வருவதற்கு முன் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் அது நகரவில்லை. அக்காவோடு பழகிய நீங்கள் இதில் கண்ணீரைத் தேட வேண்டாம்.

துருக்கி, கொரியா, மெக்சிகோ என்று அலைந்து தொடர்களை வாங்கி வந்து, தமிழ் பேச வைத்து, சாயங்காலம் ஏழரை மணிக்கு ஊரையே உட்கார வைத்த தயாரிப்பாளர் அவர். அவரை ஒருங்கிணைப்பாளர் என்பது, என்னை அழகன் என்பதைப் போல. சொல்லலாம், சொல்கிறவர் நம்மைப் பார்த்திருக்கக் கூடாது.

தொடரை வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அருவங்காடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் அவர். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாதிரி எபிசோடு கைக்கு வந்ததும் அக்கா அங்கே பழைய பக்கத்து வீட்டுக்குப் போய், நாலைந்து குடும்பங்களைக் கூட்டி, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டுவார். பத்து நிமிடத்தில் யாராவது, "அவ மேல தப்பில்லீங்க, அந்தத் தாடிக்காரன்தான் ஏமாத்தறான்" என்று சண்டைக்கு வந்தால் வாங்கிவிடுவார். எல்லோரும் சும்மா உட்கார்ந்து முறுக்கு தின்றால் வேண்டாம். ஒரு தடவை சேனல்காரர்கள் பெரிய ஆராய்ச்சி செய்து ஒரு கொரியத் தொடரைப் பிடித்தார்கள். அருவங்காடு முறுக்கு தின்றது. அக்கா மறுத்தார், அவர்கள் கேட்கவில்லை. ஆறே வாரத்தில் நிறுத்தினார்கள்.

தன் கல்யாணத்தைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். கணவர் பொள்ளாச்சிக்காரர், இரண்டு வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். மேலே ஏதாவது தெரியுமா என்று நான் நூல் விட்டுப் பார்த்தேன். (நான் விடாமல் வேறு யார் விடுவார்கள்?) "அதைச் சத்தம் இல்லாமப் பார்த்திருந்தா வாங்கியே இருக்க மாட்டேன்டா" என்றார். அதோடு முடித்துக்கொண்டார்.

எங்கள் ஒலிப்பதிவு அறை, பழைய உருளைக்கிழங்கு கோடவுனின் மாடி. சுவர் முழுக்கக் கம்பளி, மேலே தகரம். மழை பெய்தால் மைக்கில் தகரம் மட்டும்தான் கேட்கும், எனவே மழை வந்தால் துருக்கி நின்றுவிடும். கீழே காட்டெருமை வந்து நாய்கள் குரைத்தாலும் நிற்கும். அந்த இடைவேளைகளில் நான் வசனத்தைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு தூங்குவேன்.

அந்த அறைக்குப் பாக்கியத்தை அழைத்து வந்ததும் சாந்தாமணி அக்காதான். பாக்கியம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பியவர்கள். பஸ் நிற்காமல் போனதற்காக டிரைவரை அவர் திட்டியது மூன்று வளைவு தாண்டிக் கேட்டதாம். சாந்தாமணி அக்கா அதே பஸ்ஸில் இருந்தார். இறங்கி, திரும்பி நடந்து போய், "ஏனுங்க, இதே மாதிரி ஒரு மருமகளைத் திட்டுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "யாருங்க மருமக?" "துருக்கிக்காரி." "திட்டிட்டாப் போச்சு." அந்தப் பணக்கார மாமியார் வைரம் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது தமிழ்நாடே பயந்தது, பாக்கியத்தின் தொண்டைக்குத்தான்.

இனி சொல்லப்போவது எனக்குச் சாதகமானதில்லை.

குரல் கொடுத்தவர்களின் பெயர் ஒரு தொடரிலும் வந்ததில்லை. வசனம் எழுதிய என் பெயர் மட்டும் வந்தது, ஏனென்றால் நான் பத்திரிகைகளில் ஏதோ கிறுக்கியதால் அது கொஞ்சம் தெரிந்த பெயர். அக்கா ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் பெயர்ப் பட்டியல் கேட்டார், ஒவ்வொரு முறையும் சேனல்காரர்கள் இடமில்லை என்றார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எழுத்தாளரே, அவங்க பேரெல்லாம் வர்ற வரைக்கும் என் பேரும் வேண்டாம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. உம் பேரு அவங்களுக்கு வேணும். உனக்குப் பயப்படுவாங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. என் மாமனார் ஊரிலிருந்து போன் செய்து, "மாப்பிள்ளை, உங்க பேரு வந்துச்சுங்க" என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தை என்னால் விட முடியவில்லை. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் அதைப் பற்றி மறுபடி கேட்கவேயில்லை. திட்டியிருக்கலாம்.

கடைசியில், பாக்கியம் மாமியாராகப் பேசிய இந்தத் துருக்கித் தொடரின் ஒப்பந்தத்தில் எப்படியோ எழுதி வாங்கினார்: கடைசி எபிசோடின் முடிவில் எல்லாப் பெயரும் ஓட வேண்டும். அந்த எபிசோடை ஒலிப்பதிவு செய்து, பட்டியலோடு அனுப்பிய மறுவாரம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நுரையீரல். மூச்சுக்கு நடுவில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பட்டியல் போய்ச் சேந்துதா?"

இரங்கல் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து நிகழ்ச்சித் தலைவர் வந்தார், கண் மட்டும் தெரியும்படி குல்லாய் மாட்டிக்கொண்டு. கலைக்கு எல்லை கிடையாது என்று ஆரம்பித்து, மூன்று இடத்தில் அக்காவைச் 'சாந்தி மேடம்' என்றார். பின்வரிசையில் பாக்கியம் எழுந்தார்.

"தொரை, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

மண்டபம் முழுக்கத் தலை திரும்பியது. எனக்கு முன்னால் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, "ஏய், அந்த மாமியாக்காரி" என்றார். மேடையில் இருந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா? எந்த டிபார்ட்மென்ட்?"

"ரெண்டு வருசமா உங்க டிவியில மருமகளைத் திட்டிக்கிட்டு இருக்கறது நான்தானுங்க. கடைசி நாளு எங்க பேரு வரும்னு அக்கா சொன்னாங்க. வருமுங்களா?"

"கண்டிப்பா, பார்க்கலாம்மா."

இந்த இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்ல இவர்களுக்கு எங்கேயோ பயிற்சி கொடுக்கிறார்கள்.

கடைசி எபிசோடைப் பாக்கியம் வீட்டில் பார்த்தேன். அந்த லயன் வீட்டு வரிசை முழுக்க அங்கே கூடியிருந்தது. மாமியார் மன்னிப்புக் கேட்டாள், மருமகள் அழுதாள், திரை இருண்டது. 'தமிழ் வசனம்' என்று போட்டு என் பெயர் வந்தது. அடுத்த நொடி, திங்கள் முதல் புதிய தொடர் என்று விளம்பரம்.

 பாக்கியம் டீ கொண்டுவந்து கொடுத்து, "உங்க பேரு வந்துச்சுங்களே தம்பி. நல்லாப் பெருசாத் தெரிஞ்சுது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்த டீ இறங்கவில்லை.

மறுநாள் சென்னைக்குப் போன் செய்து கத்தினேன். "சார், உங்க பேரு வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" என்றார்கள். நியாயமான கேள்வி. இத்தனை வருடமும் அதற்கு என் பதில் "ஒன்றுமில்லை" என்பதாகத்தானே இருந்தது.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது, அவர் கைப்பட எழுதிய அந்தப் பட்டியல். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன். மாமியார்: பாக்கியம். மருமகள்: ஜெசிந்தா, அருவங்காடு. தாடிக்காரன்: கூடலூர் மிளகு வியாபாரி ஹம்சா. டாக்டர்: லவ்டேல் தபால்காரர் போஜன். வேலைக்காரி, நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி மூன்றும்: சரசு. ஒலிப்பதிவு: குணசேகரன்.

வசனம் என்ற இடத்தில் பெயர் இல்லை. 'அவம் பேரு எப்படியும் வந்துரும்' என்று எழுதியிருக்கிறார்.

இந்தத் தடவை வராது அக்கா. இந்தக் கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்துவிட்டேன்.