வாழவந்தி போய் வந்த கேசட்

எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், மலைக்கு வந்த ஓர் ஆராய்ச்சிக்காரர் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம். நடுவில் ஒரு டேப்ரெக்கார்டரை வைத்தால் மலை ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, கூடி முடிவெடுப்பார்களா என்பது அவருடைய ஆராய்ச்சி. எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் பூச்சியைப் பற்றிப் பேசிப் பதிவோம். கேசட் பஸ்ஸேறி வாழவந்திக்குப் போகும். அவர்கள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து அனுப்புவார்கள். இருந்தது ஒரே கேசட். இரண்டு ஊரையும் அது உறவாக்கிவிடும் என்று நான் மனதார நம்பினேன்.

கூட்டத்தில் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஓர் அக்கா இருந்தாள். மகளை வாழவந்தியில் கட்டிக்கொடுத்திருந்தாள். கல்யாணப் பந்தியில் மூண்ட சண்டையோடு சம்பந்திகள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். மகளைப் பார்க்கவும் விடவில்லை. ஒருமுறை பூச்சிப் பேச்சு முடிந்ததும் அக்கா மைக்கருகே குனிந்தாள். "கண்ணு, அம்மா பேசறேன். ஒரு வார்த்த பேசு சாமி."

பதில் வந்தது. மருந்தடிப்பதைப் பற்றி ஆண்குரல்கள். பிறகு ஒருத்தி, "பேசுடி, உங்கம்மா கேக்கறாளாமே" என்றாள். சிரிப்பு. அதன்பின் மகள்: "நல்லாருக்கறனுங்க. நீங்க இனிமே எங்கூட்டு ஆளுககிட்ட பேச வேண்டாமுங்க."

எங்கள் பக்கம் பெற்றவளிடம் பிள்ளைகள் வா, போ என்றுதான் பேசும். 'ங்க' அயலாருக்கு.

பட்டணத்து ஆராய்ச்சிக்காரர் என்னிடம், "பொண்ணு மரியாதையாத்தானே பேசுது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒருத்தி முந்திக்கொண்டாள். "நொம்ப மரியாதிங்க. எங்க ஊட்டுக் கழுதைக என்னைய ஒருநாளும் ங்க போட்டதில்ல." கூட்டம் குலுங்கியது.

அக்கா அழவில்லை. "இது மேல பதியாம எனக்குக் குடுத்துருங்க. திட்டுனாலும் அவ கொரலுங்க" என்றாள்.

எதையும் கூட்டமே தீர்மானிக்க வேண்டும் என்பது ஆராய்ச்சிக்காரரின் விதி. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். பூச்சிக்கு மருந்தடிப்பதா, துளைக்குள் கம்பி விட்டுக் குத்துவதா என்று வாரக்கணக்கில் அடித்துக்கொண்டவர்களுக்கு இதற்கு நேரமே பிடிக்கவில்லை. "செடியப் பூச்சி திங்குது, உங்கதைக்குக் கேசட்டா?" என்றார் ஊர்த் தலைவர். அதன் மேலேயே பதியலாம் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. உதவியாளுக்கு ஓட்டு இல்லை.

ஆராய்ச்சிக்காரர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா தம்பி, முதல் தடவையா ஒத்துமையா முடிவெடுத்திருக்காங்க."

தலைவர் பதிவுப் பொத்தானை அழுத்தினார். சுருள் சுற்றத் தொடங்கிய பிறகுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

"ஏம்மா, சத்தம் பதியுதுல்ல" என்றார் தலைவர். "வெளிய போயி அழுவு."