தலை எங்கே?

மைசூரில் ஒரு ஹோட்டல் ஸ்டோரில் சரக்கைச் சரிபார்த்து வாங்குவது அப்போது என் வேலை. ராமாபுரத்து ஏரிக் கெண்டையைத் தவிர வேறு மீன் அறியாத என்னைத் தூக்கி மீன் செக்‌ஷனில் போட்டார்கள். செவுளைப் பார், சதையை அமுக்கிப் பார், அவ்வளவுதான் பாடம் என்று நினைத்திருந்தேன்.

அன்று எண்பது பேருக்கு நிச்சயதார்த்த விருந்து. சப்ளையர் ரஃபீக் ஐஸ் பெட்டியைத் திறந்தான். பத்து கிலோவுக்குக் குறையாத சிவப்பு மீன். தலை இல்லை.

"தலை எங்கப்பா?"

"மார்க்கெட் பக்கத்து மெஸ்ல கேட்டாங்க, குடுத்துட்டேன். சங்கராதான் அக்கா. அமுக்கிப் பாருங்க, எவ்ளோ ஃப்ரெஷ்ஷு!"

ஃப்ரெஷ்தான். ஆனால் அந்த வாரம்தான் செஃப் மாதேஷ் எச்சரித்திருந்தார். பவளப்பாறையில் வளரும் போஹார் என்ற பெரிய மீனும் சங்கரா மாதிரியே இருக்குமாம். சிலதில் விஷம் சேர்ந்திருக்கும். வாசனை காட்டாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருந்தால் அது போஹார். பள்ளத்தைப் பார்க்கத் தலை வேண்டுமே!

ரிஜிஸ்டரில் மீன் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். செஃப் பாய்ந்து வந்தார்.

"ஏம்மா சரசு, பன்னெண்டு மணிக்கு எலை போடோணும். சும்னே தகராறு பண்ணிக்கிட்டு!"

வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். கை நடுங்கியது. ஆனாலும் பேனாவை நீட்டினேன்.

"அப்ப இது என்ன மீனுன்னு நீங்களே எழுதிருங்க செஃப்."

வாங்கினார். மீனைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார். பேனா நகரவில்லை.

"அட, எனக்கும் தெரியலைங்களே!" என்று சிரித்துவிட்டார். "ரோகு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. டேய் ரஃபீக், தலையோட வா!"

பந்தியில் ரோகு குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். மெஸ்ஸில் ராத்திரிக் குழம்புக்கு எடுத்து வைத்திருந்த தலையை மூன்று மணிக்கு ரஃபீக் மீட்டுக் கொண்டுவந்தான். வெட்டுவாயோடு வெட்டுவாய் சேர்ந்தது. செஃப் விரலால் தடவினார், நான் தடவினேன். பள்ளம் இல்லை. நல்ல சங்கராதான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீணாக எல்லாரையும் அலையவிட்டேனே!

செஃப் அடுப்பைப் பற்றவைத்தார். அரை மணியில் என் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது.

"தலை கேட்டவங்களுக்குத் தலைக்கறி. சாப்புடுங்கம்மா. நாளையிலிருந்து தலையில்லாத பெரிய மீனு உள்ள வரக்கூடாது."

போன வருஷம் ஓய்வு பெற்றேன். அதுவரை எத்தனையோ மீன்களின் பெயரைக் கற்றுக்கொண்டேன். ஆனால் தெரியாத மீனுக்குத் 'தெரியாது' என்று எழுத, அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு என் கை நடுங்கியதே இல்லை.