கீரப்பாளையத்தில் எனக்கு மட்டும் சுடாத களம்

சாப்பிடும்போதுகூட என் மனம் அடுத்த வேலைக்கு ஓடிவிடும். "உடம்புதான் இங்க இருக்குது, நீங்க இல்ல" என்று சொல்லிச் சொல்லி மனைவி அலுத்துப்போனாள். உடலைக் கவனித்து, மெதுவாக அசைந்து, இருக்கும் இடத்தில் இருக்கப் பழக்கும் ஒருநாள் வகுப்பு கீரப்பாளையம் பக்கம் நடப்பதாக அவள் தம்பி செல்வம் சொன்னான். இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் கிளம்பினோம்.

கடலூரில் காலை ஆறரைக்குப் பேருந்து. சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டோம். கொத்சுவை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கிருந்து கீரப்பாளையத்துக்கு டவுன் பஸ். வகுப்புக்கு மதியச் சாப்பாட்டோடு ஐந்நூறு ரூபாய்.

இடம் ஓடாத ஒரு ரைஸ் மில். நடத்துபவர் கல்பனா, பிசியோதெரபி படித்தவர். கொட்டகைக்குள் பாயில் படுத்து மூச்சையும் தோளையும் இடுப்பையும் கவனித்தோம். பதினொரு மணிக்கு, நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில் செருப்பில்லாமல் மெல்ல நடக்கச் சொன்னார்.

"சூடு தெரியும், அதக் கவனிங்க. தாங்கலன்னா ஒடனே நெழலுக்கு வந்துடுங்க."

நாலு எட்டு வைப்பதற்குள் செல்வம் துள்ளிக்கொண்டு ஓடிவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். நான் மட்டும் நிதானமாகக் களத்தைச் சுற்றி வந்தேன். வருஷா வருஷம் தீமிதி பார்க்கிற ஊர்க்காரர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "வெரதம் சுத்தமா இருக்கறவங்களுக்குத்தான் இப்படிச் சுடாது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனசு அடங்கிவிட்டது என்றே நம்பி இன்னொரு சுற்றும் போனேன்.

அடுத்தது, ஒருவர் பாதத்தை இன்னொருவர் பிடித்துவிடும் பயிற்சி. என் காலை மடியில் தூக்கி வைத்த செல்வம் சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"மாமா... மேடம், இங்க கொஞ்சம் வாங்க."

கல்பனா வந்து பார்த்தார். "சார், எரியலயா?"

"இல்லயே."

காலை மடித்துப் பார்த்தேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அது என் கால் என்று நம்பவே எனக்குச் சற்று நேரம் ஆனது.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையும் போடுகிறேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "செருப்பு கழண்டா தெரியுதா?"

நான் வாய் திறப்பதற்குள் செல்வம் சொன்னான். "போன மாசம் பஸ் ஸ்டாண்டுலேருந்து ஒத்தச் செருப்போட வந்தாரு சார். நாங்க எல்லாம் சிரிச்சோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நரம்பு கெட்டுப்போச்சு. புண்ணு ஆறலன்னா வெரல எடுக்க வேண்டி வரும்."

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பு நல்ல வகுப்பு, தாராளமாகப் போங்கள். துண்டும் தண்ணீரும் போதும். வெயில் காலத்தைத் தவிருங்கள். சர்க்கரை இருந்தால் முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள், வெறுங்காலோடு எங்கும் நடக்காதீர்கள்.

மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. நேற்று மனைவி கட்டு மாற்ற உட்கார்ந்தாள். பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"எப்பதான் ஆரம்பிக்கப் போற?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். கட்டுப் போட்டு முடித்துவிட்டு, என் இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.