நுரையீரலுக்குப் போகும் அம்பு

இல்லை, டீச்சரைக் கடைசியாகப் பார்க்க நான் போகவில்லை. இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் பாதியில் திரும்பிவிட்டேன். காரணம் இருந்தது.

லிட்டில் இந்தியாவில் பேருந்துக்கு நின்றபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பரமேஸ்வரி டீச்சர் காலமானார். கீழே கூப்பிய கைகள், வரிசையாக. நானும் ஒன்று போட்டேன். பேருந்து வந்தது. நான் ஏறவில்லை.

உங்களில் பலர் அவரை உயிரியல் ஆசிரியராக மட்டுமே அறிவீர்கள். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள், கெப்பாலா பத்தாஸ் ஊரில் ஒரு பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளர். யாரோ பாடம் நடத்த, பின்னால் நின்று சோதனைக் குழாய் கழுவியவர். "கழுவிக்கிட்டே கேட்டேன் பாரு, அதான் மா என் காலேஜ்" என்பார். பகுதிநேரமாகப் பட்டம் படித்து, நாற்பது வயதுக்குமேல் எங்கள் பள்ளிக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் மூத்தவர். எல்லோருக்கும் அவரிடம் பயம். எனக்கும்.

ஒருநாள் அவர் பாடம் முடித்த ஆய்வுக்கூடத்துக்குள் நான் நுழைந்தேன். பலகையில் இதயத்தின் படம். நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் அம்பு, இதயத்தை நோக்கித் திரும்பியிருந்தது. பார்த்தேன். மூத்தவரிடம் எப்படிச் சொல்வது? அழித்துவிட்டு என் பாடத்தைத் தொடங்கினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள், அந்தப் பலகையைப் படம் பிடித்திருந்த ஒரு மாணவன் வேறு ஏதோ சந்தேகம் கேட்டு அதை அவருக்கு அனுப்பினான். அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

மறுநாள் காலை மழைத் தூறலில், இதயம் வரைந்த அட்டையோடு பள்ளி வாசலில் நின்றார். ஒவ்வொருவரையும் நிறுத்தினார்.

"அம்ப மாத்திப் போட்டுட்டேன். இப்படித்தான் போகும், பாத்துக்கோ."

பையன்கள் சிரித்தார்கள். "நாங்க அன்னைக்கே திருத்திட்டோம் லா டீச்சர். லாட்டரி விக்கிற மாதிரி நிக்கிறீங்க!"

"திருத்துனீங்களா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏசுவீங்க லா."

ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து, அம்பை அழித்து, நின்றபடியே மாற்றிப் போட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆசிரியர் அறையில், நனைந்த அட்டையை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"எனக்கப்புறம் நீதான லேப்புக்கு வந்த. பாத்தியா?"

"கவனிக்கல டீச்சர்."

என்னையே பார்த்தார். பிறகு, "சரி மா" என்றார். அட்டையைத் துடைத்தபடி, யாரிடமோ போல: "தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. தப்புல என்னையத் தனியா விட்டுட்டாங்க பாரு."

அதன்பின், ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "இன்னைக்கி நான் எங்க தப்பு?" என்று கேட்டுக் காத்திருந்தார். பக்கத்து வகுப்பில் எனக்கு அந்த மௌனம் கேட்கும்.

நான் பார்த்தேன், டீச்சர். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது. அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பு இனி யாரிடமும் இல்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த 'சரி மா' மட்டும்.

அரையாண்டுத் தேர்வுத் தாளை எங்கள் துறைத் தலைவர் தயாரித்திருக்கிறார். ஏழாவது கேள்வியில் பிழை இருப்பது எனக்கு மூன்று நாளாகத் தெரியும். இன்று காலை அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.